வட்ட அடியில் அடி எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் மணிலாவில் வசிக்கும் நான் சில மாதங்களாக ஆர்னிஸ் என்னும் கம்புச் சண்டைக் கலையைப் பயின்று வருகிறேன். நேர் அடிகள் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் ரெடொண்டோ என்ற வட்ட அடியையும் அபானிகோ என்ற விசிறி அடியையும் எவ்வளவு வேகமாகச் சுழற்றிக் காட்டினாலும் ‘இதில் அடியே இல்லை’ என்கிறார் ஆசிரியர். மணிக்கட்டும் முழங்கையும் வேறு வலிக்கின்றன. வேகத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

கூட்ட வேண்டாம், இப்போதைக்குக் குறையுங்கள். உங்கள் ஆசிரியர் சொல்வது மிகவும் சரி.

ரெடொண்டோவில் கம்பு இலக்கில் பட்டு அங்கேயே நிற்பதில்லை. பட்ட வேகத்திலேயே கீழிறங்கி, உடலின் பக்கவாட்டில் பின்னோக்கிச் சென்று, மேலேறி, முதலில் வந்த கோட்டிலேயே மீண்டும் விழுகிறது. இரண்டாம் அடிக்காகக் கையைத் தனியே ஓங்க வேண்டியதில்லை என்பதே இந்த வட்டத்தின் பயன். புதிதாகப் பயில்பவர்கள் பெரும்பாலும் தம் வலுவையெல்லாம் கம்பை மேலே கொண்டுவரும் பாதியில் செலவழித்துவிடுவதால், கம்பு இலக்கை அடையும் கணத்தில் அதில் வலு மிஞ்சுவதில்லை. ஏறும் பாதியில் கையைத் தளர விடுங்கள். இறங்கும் பாதியில் இடுப்பு திரும்பி, உடலின் எடை கால் மாறி, முழங்கை தாழ்ந்து, கடைசியாக மணிக்கட்டு சேரட்டும். மணிக்கட்டு மட்டும் தனியே உழைப்பதும் பிடியை எப்போதும் இறுக்கி வைத்திருப்பதும் உங்கள் வலிக்குக் காரணமாக இருக்கலாம். கம்பின் அடிமுனையான புன்யோ கைப்பிடிக்கு வெளியே அதிகமாக நீண்டிருந்தால் அது சுழற்சியில் முன்கையில் இடிக்கும், அதையும் கவனியுங்கள்.

அபானிகோ வேறு வகை. முழங்கையை ஏறத்தாழ ஓரிடத்தில் வைத்து முன்கையை மட்டும் புரட்டி, எதிராளியின் தலைக்கு ஒருபுறமும் உடனே மறுபுறமும் அடிப்பது அது. நெருங்கிய தொலைவில் எதிராளியின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போவதற்கானது; ரெடொண்டோவின் கனத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

2009-இல் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸைப் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. வகுத்த அசைவுகளைத் தனியே செய்துகாட்டும் அன்யோ போட்டிகளில் கம்பு சுழலும் அழகு கண்ணைப் பறிப்பதால், இளைஞர்கள் அதையே கலையின் உச்சம் என்று எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரம்பு, பல பயிற்சிப் பள்ளிகளில் வாளுக்குப் பதிலாகக் கையில் தரப்படுவது. வட்டத்தின் எந்தப் புள்ளியில் வாளின் வெட்டும் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியாதவரின் சுழற்றல் வெறும் அலங்காரமே.

காற்றில் பயில்வது போதாது. பழைய டயர் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் கம்பின் நுனியிலிருந்து நான்கைந்து அங்குலம் மட்டும் பட்டுக் கடக்குமாறு மெதுவாக அடியுங்கள். ஓசையே உங்கள் தவற்றைச் சொல்லிவிடும். பிறகு துணையுடன் இரட்டைக் கம்பில் ரெடொண்டா சினவாலி என்ற, மாறி மாறி அடிக்கும் பின்னல் பயிற்சியைப் பயிலலாம். துணைவரின் கையையே இலக்காக்கிப் பயின்ற பழைய முறையில் காயங்களுக்கு அஞ்சிப் பலர் விலகியதைக் கண்டு, கம்போடு கம்பு மோதும் பயிற்சியை முன்னிறுத்தியவர் நவீன ஆர்னிஸை உருவாக்கிய ரெமி பிரெசாஸ். அந்த முறையில் நீங்கள் அச்சமின்றி முழு வட்டத்தையும் போட்டுப் பார்க்கலாம். ஒற்றைக் கம்பில் பயிலும்போது வெறுங்கையை நெஞ்சருகே வைத்திருங்கள். அது தொங்கினால் உங்கள் வட்டமே அதில் விழும்.

வலி தணியும்வரை கமகோங் போன்ற கனமான மரக் கம்புகளைத் தொட வேண்டாம். 28 அங்குலப் பிரம்பே போதும். ஓய்வுக்குப் பிறகும் முழங்கை வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடருங்கள்.