கிளட்ச் கேபிள் ஏன் ஒரே இடத்தில் அறுகிறது?

வாசகர் கேள்வி – பதில்: மோட்டார் சைக்கிள் பராமரிப்பு

கேள்வி: ஐயா, நான் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தினமும் பினாங்குப் பாலத்தின் வழியாக வேலைக்குப் போய் வருகிறேன். என்னுடையது கையால் கிளட்ச் பிடிக்கும் ஐந்து கியர் வண்டி. ஓராண்டுக்குள் இரண்டு முறை கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. இரண்டு முறையும் லீவருக்குப் பக்கத்திலேயே அறுந்தது. கேபிள் தரமில்லாதது என்று பட்டறையில் சொல்கிறார்கள். அதுதான் காரணமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தரமற்ற கேபிள்கள் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் இரண்டு கேபிள்களும் ஒரே இடத்தில் அறுந்திருப்பதால், கேபிளைக் குறை சொல்லும் முன் அது மாட்டப்பட்டிருக்கும் லீவரைப் பார்ப்பதே முறை.

கேபிளின் உள்கம்பி பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்யப்பட்டது. அதன் மேல் முனையில் இருக்கும் உருளை வடிவக் குமிழைத்தான் பட்டறைக்காரர்கள் நிப்பிள் என்கிறார்கள். நீங்கள் லீவரைப் பிடிக்கும்போது, லீவரின் துளைக்குள் இந்த நிப்பிள் தன் அச்சில் சிறிது சுழல வேண்டும். அப்படிச் சுழன்றால் கம்பி நேராகவே இழுபடும். துளையில் கிரீஸ் வற்றித் துருவும் தூசியும் சேர்ந்துவிட்டால் நிப்பிள் இறுகிப்போகும். சுழற்சிக்குப் பதிலாகக் கம்பி, நிப்பிளை விட்டு வெளிவரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மடியும். ஒரே இடத்தில் மடித்து மடித்து நிமிர்த்தப்படும் கம்பி இழை இழையாக அறுவது இயல்பு. பாலத்தின் நுழைவாயிலில் காலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் ஒருவர் எத்தனை முறை கிளட்சைப் பிடிக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அதோடு கடற்காற்றின் உப்பும், மழை ஈரமும், வண்டி கழுவும் இடங்களில் நேராக லீவரின் மீது அடிக்கப்படும் அழுத்த நீரும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே மூன்றாவது கேபிளை மாட்டும் முன் லீவரைக் கழற்றி, நிப்பிள் உட்காரும் துளையையும் லீவரின் அச்சுத் திருகையும் துடைத்துப் பாருங்கள். துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தாலோ, அதன் ஓரம் கூர்மையாகியிருந்தாலோ லீவரையே மாற்றுவது நல்லது. எவ்வளவு நல்ல கேபிளையும் அந்த ஓரம் அரித்துவிடும். துளை நன்றாக இருந்தால், நிப்பிளுக்கும் அச்சுத் திருகுக்கும் கிரீஸ் தடவுங்கள். உங்களைப்போல் நாள்தோறும் ஓட்டுகிறவர்கள் எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இதையும் செய்துகொள்ளலாம்.

கேள்வி: புதிய கேபிளை நானே மாற்ற விரும்புகிறேன். எங்கே தவறு நேரக்கூடும்? – வாசகர், சுங்கை டுவா

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம், இரண்டு ஸ்பேனரும் ஒரு குறடும் போதும். உங்கள் வண்டியின் மாடலுக்கே உரிய கேபிளை வாங்கி, கழற்றிய பழையதோடு அருகருகே வைத்து உள்கம்பியின் நீளம், வெளியுறையின் நீளம் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உயரமான ஹேண்டில்பார் மாற்றியவர்கள் நிறுவனம் கொடுத்த நீளத்தையே வாங்கிவிட்டு, திருப்பும்போது கேபிள் இழுபடுகிறது என்று பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளான லீவர் பக்கத்து அட்ஜஸ்டரையும் எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரையும் தளர்த்தி, கேபிளைத் தொய்வாக்குங்கள். லீவர் பக்கத்தில் அட்ஜஸ்டர், அதை அசையாமல் நிறுத்தும் லாக் நட், லீவரின் தாங்கி ஆகிய மூன்றிலும் ஒரு வெட்டுப் பள்ளம் இருக்கும். மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் கம்பி அந்த வழியே எளிதாக வெளியே வந்துவிடும். இதை அறியாமல் பலர் வலிந்து இழுத்து அட்ஜஸ்டரின் மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். அடுத்து, எஞ்சின் பக்கத்துக் கையிலிருந்து, அதாவது கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோலிலிருந்து, கீழ் முனையை விடுவியுங்கள்.

பழைய கேபிளை உருவி எடுக்கும் முன், அது எந்தக் கொக்கிக்குள், எந்தக் குழாய்க்குப் பின்னால், எந்த வளைவோடு போகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் உறுதியான நூலைக் கட்டி, மறுமுனை வழியாக இழுத்தால், நூல் அதே பாதையில் தங்கிவிடும். பின்னர் அந்த நூலில் புதிய கேபிளைக் கட்டி இழுக்கலாம். மாற்றும் வேலையில் மிக முக்கியமானது இந்தப் பாதைதான் என்பேன். கூர்மையான வளைவில் உள்கம்பி உறையின் சுவரை உரசித் தேய்கிறது. புகைபோக்கியை ஒட்டிச் சென்றால் உறையின் பிளாஸ்டிக் உருகுகிறது.

மாட்டி முடித்ததும் முதலில் எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரால் பெரும்பகுதித் தொய்வை எடுத்துவிட்டு, லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை நுண்ணிய திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லீவரின் நுனியில் அளந்தால், பிடிப்பு தொடங்கும் முன் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது வெட்டுப் பள்ளங்கள் மீண்டும் ஒரே கோட்டில் வந்துவிடாமல் பாருங்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்திலாவது வெற்று அசைவு குறைந்தால் கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

வெற்று அசைவு காலப்போக்கில் ஒரே அளவில் நிற்காது. கேபிள் நீள நீள அது கூடும். கூடினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் முரண்டு பிடிக்கும், நியூட்ரல் கிடைக்காது. எஞ்சினுக்குள் கிளட்ச் தட்டுகள் தேயும்போதோ, பொதுவாக அது குறையும். கேபிள் இறுக்கமாக இருந்தால் லீவர் நன்றாகப் பிடிக்கிறது என்று பலர் மகிழ்கிறார்கள். உண்மையில் தட்டுகள் முழுதாகச் சேராமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் இரைய, வண்டி வேகம் பிடிக்காது, தட்டுகள் கருகும். ஒரு கேபிளின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பெரிது.

கேள்வி: வீட்டுக்குப் போவதற்குள் இடது மணிக்கட்டு வலிக்கிறது. கேபிளுக்குள் எண்ணெய் விட்டால் லீவர் இலகுவாகுமா? – வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இறுக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறியுங்கள். எஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றிவிட்டு, உள்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கரகரப்போ தடையோ தெரிந்தால் குறை கேபிளில் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் எஞ்சின் பக்கத்துக் கை துருவேறியிருக்கலாம், அல்லது வலுவான ஸ்பிரிங் மாற்றப்பட்டிருக்கலாம். அப்போது எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயன் இல்லை.

எண்ணெய் விடுவதிலும் கவனம் தேவை. இப்போது வரும் பல கேபிள்களின் உறைக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதற்குள் கெட்டியான கிரீஸைத் திணித்தால் தூசி ஒட்டிப் பசையாகி, முன்பைவிட இறுகிப்போகும். கையேடு அனுமதித்தால், கேபிளுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை மட்டும் மேல் முனையில் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழ் முனையில் தெளிவாக வரும்வரை காத்திருங்கள். கீழே செந்நிறமாக வழிந்தால் உள்ளே துரு பிடித்துவிட்டது. ஓரிழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். இரண்டு நிலையிலும் எண்ணெயை நம்பாமல் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது கப்சாய் எனப்படும் சிறுரக மோட்டார் சைக்கிள், அதில் கிளட்ச் லீவரே இல்லை. எனக்கும் இந்தப் பராமரிப்பு தேவையா? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தேவையில்லை. அத்தகைய வண்டியில் கிளட்ச் எஞ்சின் வேகத்தாலும் கியர் மிதியாலும் தானாகவே இயங்குகிறது. ஆக்சிலரேட்டர் கேபிளையும் முன் பிரேக் கேபிளாக இருந்தால் அதையும் மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: பாலத்தின் நடுவில் கேபிள் அறுந்தால் என்ன செய்வது? – வாசகர், பிறை

பதில்: பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். கடலுக்கு மேலே செல்லும் பகுதியில் நினைத்த இடத்தில் வெளியேற வழி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் பதற்றப்பட வேண்டாம். வண்டி இருக்கும் கியரிலேயே தொடர்ந்து ஓடும். இடது ஓரமாகவே, முன்வண்டியோடு நல்ல இடைவெளி விட்டுச் சீரான வேகத்தில் கரை சேர்ந்துவிடுங்கள். நிறுத்தும் முன் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குத் தட்டுங்கள். அது விழாவிட்டால் பிரேக்கை உறுதியாகப் பிடித்து எஞ்சின் அணைய விடுங்கள், அல்லது அணைப்புச் சுவிட்சை அழுத்துங்கள். பாலத்திலேயே நின்றுபோனால் வண்டியை ஓரங்கட்டி, விளக்கை எரியவிட்டு, நெடுஞ்சாலை ரோந்துக் குழுவை அழையுங்கள். கியரில் இருக்கும் வண்டியை அந்த இடத்தில் ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. அது முன்னோக்கிப் பாய்ந்துவிடும்.