செத்தவனுக்கு ஒரு வரியும் இல்லையே

அண்ணை, இங்கிலீஷ் எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதின யானை சுட்ட கட்டுரையை இப்பதான் வாசிச்சன். சுடக்கூடாது எண்டு தெரிஞ்சும் பின்னால நிண்ட சனத்துக்காகச் சுடுறார். அந்த மனுசனில கோவப்படுறதா, பரிதாபப்படுறதா? யானை சாகிற இடத்தில அழுதிட்டன். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தா சொல்லுங்கோ.
கே., நெடுங்கேணி

தம்பி,

மொழிபெயர்ப்பு தேடினா கிடைக்கும், அதை விடும். கோவமோ பரிதாபமோ, அதிலயும் பெருசா ஒண்டுமில்லை. 1922ல இருந்து 1927 வரைக்கும் பர்மாவில பொலிஸ் வேலை பார்த்த ஆள், சனம் தள்ளினது உண்மைதான், ஆனா துவக்கு அவற்ற கையிலதானே இருந்தது. முட்டாளாத் தெரியக்கூடாது எண்டுதான் சுட்டன் எண்டு 1936ல ஒளிக்காம எழுதிப்போட்டார், அதுக்கு ஒரு கும்பிடு.

என்ர கோவம் உம்மில. நீர் நெடுங்கேணி ஆள், வெள்ளாமைக் காலத்தில யானைவெடியோட பரணில முழிச்சிருக்கிற ஊர். அந்தக் கட்டுரையில யானை மிதிச்சு, முதுகுத் தோல் உரிஞ்சு, சேத்துக்குள்ள ஒருத்தன் கிடக்கிறானே, அவனைப் பற்றி உம்மட கடிதத்தில ஒரு சொல் இருக்கா? திராவிடக் கூலி எண்டு அவரே எழுதுறார். பேர் இல்லை. இந்தியக் கரையால கப்பலேறிப் போன சனத்தில ஒருத்தன். அவன் செத்தது நல்லதாப் போச்சு, சட்டப்படி நான் தப்பினன் எண்டு வேற சொல்லுறார், இளம் வெள்ளைக்காரருக்கு ஒரு கூலிக்காக யானையைச் சுட்டது அநியாயமாத் தெரியுது. யானை உயிரோட நிண்டா 100 பவுண், செத்தா தந்தத்துக்கு 5 பவுண். அவனுக்கு எவ்வளவு? எழுதேல்லை, நீரும் கேக்கேல்லை.

உம்மட கடிதம் வரேக்க நான் இந்தச் சனத்தைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தன். 1830களுக்குப் பிறகு கோப்பித் தோட்டத்துக்கு எண்டு வந்தவை மன்னார்க் கரையில இறங்கி, காட்டுப் பாதையால மாத்தளை வரைக்கும் நடந்தவை, வாந்திபேதியிலயும் காய்ச்சலிலயும் வழியிலயே விழுந்தவை கனபேர். தப்பினவையின்ர வம்சம்தான் மலையகச் சனம், அதில கனபேர் 1958, 1977 கலவரங்களில அடிவாங்கி எங்கட வன்னிக்கு வந்துது. வந்தவையை நாங்கள் எப்பிடி வைச்சிருந்தம்?

என்ர ஐயா நல்ல மனுசன், ஒருத்தரையும் கடிஞ்சு பேசமாட்டார். எங்கட வயலில அருவி வெட்ட வாற மலையக ஆக்களுக்கு, ஊர் ஆக்களுக்குக் குடுக்கிறதில பாதிதான் கூலி. அது அநியாயம் எண்டு சாப்பிடேக்க அம்மாவிட்டச் சொல்லுவார், இரவு விளக்கடியில காசைத் திருப்பித் திருப்பி எண்ணுவார், விடிஞ்சா அதே பாதிதான். கூட்டிக் குடுத்தா பக்கத்து வயல்காரன் சண்டைக்கு வருவான், கமக்காரர் கூட்டத்தில முகம் குடுக்கேலாது எண்டுவார். ஒருநாள் அம்மா அவைக்குச் சிரட்டையில தேத்தண்ணி ஊத்த, மூக்குப்பேணியில குடு எண்டு சத்தம் போட்டார். அதுவும் படலையைச் சாத்திப்போட்டுத்தான்.

ஓர்வெலுக்குப் பின்னால 2000 பேர் நிண்டதாம். ஐயாவுக்குப் பின்னால ஆறேழு கமக்காரர், வெள்ளைக்காரன் போயும் முப்பது வருசம்!

நீர் அழுதது பிழையில்லை தம்பி, மனம் இருக்கிறவன் அழுவான். ஆனா உம்மட ஊருக்குக் கிட்டவும் அந்தச் சனத்தின்ர குடியேற்றம் இருக்கும், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எத்தினை குடும்பத்துக்குக் காணி உறுதி இருக்கு, இப்ப வயலில நாட்கூலி எவ்வளவு குடுக்கினம் எண்டு கேட்டு எழுதும். பேரையும் கேளும்.