கம்பெனி மாறலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, மன்னார்குடிலேர்ந்து சிங்கப்பூர் வந்து ரெண்டு மாசம் ஆவுது, எந்த சிம் நல்லது, சாப்பாடு எங்க சீப்பு, இன்னொரு கம்பெனில கூடுதலா சம்பளம் தர்றேங்குறாங்க மாறலாமான்னு கேட்டிருக்கீங்க. சிம்மு சாப்பாடெல்லாம் ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியால தேக்கா பக்கம் போனா நம்மூரு பயலுவளே சொல்லிருவானுவ. மூணாவதுக்குத்தான் பதில் எழுதணும்.

சம்பளத்த மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. தலபோனாலும் இத செய்யமாட்டேன்னு முதல்ல மனசுல முடிவு பண்ணிக்கங்க. எனக்கு ரெண்டு இருந்துச்சு, படிக்காம கையெழுத்து போடமாட்டேன், அப்பா நெலத்துல கை வைக்கமாட்டேன். வந்த புதுசுல ஒரு சூப்பர்வைசர் சிமெண்ட் மூட்டை மேல ஒரு கட்டு சம்பள வவுச்சர வச்சுக்கிட்டு, தொகை எழுதுற எடம் காலியா கெடக்குறப்பவே, சீக்கிரம் சைன் பண்ணுங்க லாரி கெளம்பப் போவுதுன்னாரு, எல்லாரும் மளமளன்னு போட்டாங்க, நான் தொகைய எழுதுங்க சார்னு நின்னுட்டேன். அந்த மாசம் ஓவர்டைமே தரல, வெயில்ல கம்பி கட்ட விட்டாங்க. கட்டினேன்.

இப்ப உங்களுக்கு சட்டம் தொணை இருக்கு. 2016லேர்ந்து பேஸ்லிப்ப, அதான் சம்பளச் சீட்ட, விவரமா கொடுத்தே ஆவணும். பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வச்சுக்கக் கூடாது, வேலை குடுக்குறதுக்கு உங்ககிட்ட காசு வாங்குறது குத்தம். புது கம்பெனி இதுல எதையாவது கேட்டா எவ்வளவு சம்பளம்னாலும் வேணாம். ஐபிஏ லெட்டர்ல, அதான் வேலை பெர்மிட்டுக்கு முன்னாடி வர்ற ஒப்புதல் லெட்டர்ல, அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் தனித்தனியா இருக்கும், வாயால சொன்னதும் அதுவும் ஒண்ணான்னு பாருங்க.

நம்மாளுங்க சில பேருமேல எனக்கு ரொம்ப கோவம். ஏஜெண்டுக்காக நெலத்த அடகு வச்சுட்டு வர்றது, அத மீக்குறதுக்கு முன்னாடியே ஊர் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்க வட்டிக்கு வாங்குறது. அந்தக் கடன்தான் அவுங்கள எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போட வைக்குது.

2018ல கஜா புயலடிச்சப்ப ஒரத்தநாட்டுப் பக்கம் எங்க தென்னையெல்லாம் வேரோட சாஞ்சு போச்சு. நெலத்த வித்துட்டு அங்கயே செட்டில் ஆயிரு தம்பின்னு சித்தப்பா போன்ல சொன்னாரு, வாங்க ஆளும் இருந்துச்சு. அப்பா ஒண்ணுமே பேசல. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல, வேணாம் சித்தப்பான்னு சொல்லிட்டு, வீடு கட்ட வச்சிருந்த காசுல தென்னங்கன்னுக்கு அனுப்பினேன். இன்னிக்கும் மேட்டூர் தொறந்தாங்கன்னா, புது ஆத்துல, அதான் கல்லணைக் கால்வாய்ல, தண்ணி வந்துருச்சான்னுதான் அப்பாகிட்ட முதல்ல கேப்பேன்.

நீங்க இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் பேசுறப்ப நகை, நெலம் எது எது அடகுல இருக்குன்னு கேட்டு எழுதி வைங்க. புது கம்பெனியோட லெட்டர் வந்ததும் அதையும் பக்கத்துல வச்சுக்கிட்டு எனக்கு எழுதுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்.