கேனில் பெட்ரோல் தர மறுக்கிறார்களே, ஏன்?

கேள்வி: அல்சூரில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் பெட்ரோல் ஜெனரேட்டர்தான் கதி. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு போனால் பங்கில் ஊற்ற மாட்டேன் என்கிறார்கள். இதற்குச் சட்டம் இருக்கிறதா, அல்லது அவர்களாகவே சொல்கிறார்களா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சட்டம் இருக்கிறது, அதில் பாதி உங்கள் பக்கமும் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு என்றால் 30 லிட்டர் வரை பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதில் வைக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது: இறுக்கமாக மூடி போட்ட உலோகப் பாத்திரம், அதுவும் 25 லிட்டருக்கு மேல் போகாமல், கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் தண்ணீர் கேனைப் பார்த்துத் தலையாட்டிய பையன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், தயவுசெய்து அவரிடம் சண்டை போடாதீர்கள்.

நல்ல மூடியுள்ள உலோக கேன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறமும் மறுத்தால் மேனேஜரைப் பார்த்து, கடை ஜெனரேட்டருக்கு என்று சொல்லிப் பேசுங்கள். தீவைப்புக் குற்றங்களுக்குப் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிப் போனவர்கள் இருப்பதால், பல ஊர்களில் போலீஸாரே சில்லறையாகக் கொடுக்கக் கூடாது என்று பங்குகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பயமும் நியாயமானதுதான்.

இன்னொன்று, மாதக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டாம். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஜெனரேட்டர் கார்புரேட்டருக்கு ஆகாது.

கேள்வி: ஸ்கூட்டர் ஃபுட்போர்டில் கேனை வைத்தே நிரப்பிக்கொள்ளலாமே, எதற்குத் தரையில் இறக்கச் சொல்கிறார்கள்?
– வாசகி, விவேக் நகர், பெங்களூரு

பதில்: இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் குழாய்க்குள் வேகமாக ஓடும்போதே நிலைமின்சாரம் உண்டாகி அதோடு சேர்ந்து கேனுக்குள் வந்துவிடும். உலோக கேன் தரையில் இருந்து, நாசிலும் அதன் வாயைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த மின்சாரம் போக வழி இருக்கிறது. அடியில் ரப்பர் மேட்டோ கார் டிக்கியின் கார்பெட்டோ இருந்தால் வழி அடைபட்டுவிடும். பிளாஸ்டிக் கேன் என்றால் தரையில் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, மின்சாரம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும், நாசிலை எடுக்கிற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் உங்கள் காலடியிலேயே பரவி நிற்கும்.

அதனால் கேனைத் தரையில் வையுங்கள், நாசில் உலோகத்தைத் தொடட்டும், மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள், கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், 20 லிட்டருக்கு 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடிவிடும், அதற்கு இடம் வேண்டும். வீட்டுக்குப் போனதும் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள், ஃபிரிட்ஜ் ஓடுகிற அறையும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் ஜெனரேட்டருக்கு டீசல் கேன் கேனாக வருகிறது. இதுவும் தப்பா?
– வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு

பதில்: டீசல் வேறு வகுப்பு, பெட்ரோல் மாதிரிச் சட்டென்று ஆவியாகாது. அதனால் டீசல் ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரே பாத்திரத்தில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறது சட்டத்தின் 7-ஆவது பிரிவு. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக, பேஸ்மெண்டில் பார்க்கிங் தூணோரம் கேன்களை அடுக்கி, பக்கத்திலேயே எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுகிற வழக்கத்தை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைக் கட்டாயம் எழுப்புங்கள். தனியாக, காற்றோட்டமான இடம், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான், மணல் வாளி, இவ்வளவும் வேண்டும்.

கேள்வி: ஊரில் தோட்டத்துக்குப் புல்வெட்டும் மெஷின் வாங்கியிருக்கிறேன். சேலத்துக்கு ரயிலில் போகும்போது இங்கிருந்தே இரண்டு லிட்டர் பெட்ரோல் எடுத்துப் போகலாமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: கூடவே கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அளவு குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மெஷின் டேங்கில் இருப்பதையும் சுத்தமாக வடித்துவிட்டு, மூடியைத் திறந்து நன்றாகக் காய வைத்து, அப்புறம் ஏற்றுங்கள். சேலத்தில் பங்குக்கா பஞ்சம், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.