போர்க்காலத்தில் ஓமந்தையை நடந்துதான் கடக்க வேண்டுமா? கடந்தவர்கள் சொல்ல முடியுமா?

ஓம், நடந்துதான் கடந்தோம். இலங்கையில் வவுனியாவுக்கு வடக்கே, இராணுவத்தின் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்கும் நடுவே இருந்த சோதனைச் சாவடி அது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு, ஓமந்தையில் இறங்கி மூட்டை முடிச்சைக் காட்டிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். 2006 ஓகஸ்ட் 11 அன்று வன்னிக்கு வடக்கே யாழ்ப்பாணப் பக்க வாசலான முகமாலையில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை அடைபட்டது. அதன்பின் வன்னிச் சனத்துக்குத் தரைவழியில் ஓமந்தைதான் வாசல்.

2007இல் அம்மம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்கு வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வன்னியை விட்டு வெளிக்கிடப் புலிகளின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். எங்களுக்குச் சின்ன மாமா நின்றார்.

இரண்டு பக்கக் காவலரண்களுக்கும் நடுவே ஒருவருக்கும் சொந்தமில்லாத வெளி. சூனியப் பிரதேசம் என்போம். செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியைப் பார்த்தால்தான் கொஞ்சம் மூச்சு வரும். வெயில் நெருப்பாய் எரிந்தது. அம்மம்மா என் தோளைப் பிடித்தபடி, காலால் தார் றோட்டைத் தடவித் தடவி வந்தா.

இராணுவத்தின் பக்கம் மேசையில் பையைக் கவிழ்த்தோம். கொழும்பில் இருக்கிற பெரியம்மாவுக்கென்று கட்டிய ஒடியல்மாப் பொட்டலம் (காயவைத்த பனங்கிழங்கின் மா) விழுந்தது. மீசை அரும்பாத பெடியன் ஒருவன் அதை விரலால் கிண்டி, சிங்களத்தில் என்னவென்று கேட்டான். எனக்கு நா எழவில்லை. அம்மம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டினா. அவன் சிரித்துவிட்டு, பொட்டலத்தைத் தானே திரும்பக் கட்டித் தந்தான். அந்த முடிச்சை வவுனியா போய்ச் சேரும்வரை நான் அவிழ்க்கவில்லை.

சிகிச்சை முடிந்ததும் இன்னும் சில நாள் தங்கினால் நல்லது என்று டொக்டர் சொன்னார். நானும் கெஞ்சினேன். அம்மம்மா கேட்கவில்லை. "அவன் அங்க எனக்காகப் பிணை நிக்கிறான் பிள்ளை, நான் இஞ்ச படுத்துக்கிடக்கிறதோ?" என்றா. பாஸ், ஐசி (அடையாள அட்டை), சோதனை எல்லாவற்றையும்விட எங்களைக் கட்டிவைத்தது அதுதான். வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு சொந்தம் இருந்தது.

அந்தச் சாவடியை 2015இல்தான் எடுத்தார்கள். நாங்கள் திரும்பிய அன்று அதே வெளியில், ஒரு கண்ணில் கட்டோடு, என் தோளைப் பிடிக்காமல் அம்மம்மா எனக்கு முன்னால் நடந்து போனா.