கூண்டில் அடைக்கப்பட்ட சீமாட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்து வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். இடைக்கால அரச குடும்பத்துப் பெண்கள் யாருக்குப் பிறந்தார்கள், யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்ற அளவிலேயே வருகிறார்கள். திருமணப் பேரத்தைத் தாண்டி அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கவில்லையா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பேரம் நடந்தது உண்மைதான். நார்வேயில் பிறந்த மார்கரெட், சின்னக் குழந்தையாக இருந்தபோதே ஸ்காட்லாந்து அரியணைக்கு உரியவளானாள். இங்கிலாந்து இளவரசனுக்கு அவளை நிச்சயம் செய்து கப்பலேற்றினார்கள். 1290இல், ஏழு வயதில், வரும் வழியிலேயே ஆர்க்னி தீவுகளில் இறந்துபோனாள்.

ஆனால் பக்கன் சீமாட்டி இசபெல்லாவின் கதை வேறு. ஸ்காட்லாந்து அரசரை அரியணையில் அமர்த்துவது ஃபைஃப் பிரபுக்களான மக்டஃப் குடும்பத்தின் பரம்பரை உரிமை. 1306 மார்ச்சில் ராபர்ட் புரூஸ் ஸ்கோனில் முடிசூடியபோது ஃபைஃப் பிரபு ஆங்கிலேயர் பிடியில் இருந்தார். முடிசூட்டுக் கல்லையும் இங்கிலாந்து அரசர் எட்வர்ட் பத்து வருடங்களுக்கு முன்பே எடுத்துப்போய்விட்டார். மக்டஃப் வீட்டுப் பெண்ணான இசபெல்லா அங்கே வந்து சேர்ந்தபோது சடங்கு முடிந்திருந்தது. அவர் கையால் மறுபடியும் நடத்தினார்கள். அவருடைய கணவரின் நெருங்கிய உறவினரான ஜான் காமினை புரூஸ் தேவாலயத்துக்குள் வைத்துக் கொன்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கணவர் எதிரணியில் நிற்கிறார். அதெல்லாம் தெரிந்தேதான் வந்தார்.

அதே வருடம் பிடிபட்டார். பெரிக் கோட்டையில் மரத்தாலும் இரும்பாலும் ஒரு கூண்டு செய்து, அதற்குள் அவரை அடைக்கச் சொன்னார் எட்வர்ட். உள்ளே கழிப்பிடம் வைக்கலாம். பணிவிடைக்கு ஆங்கிலேயப் பெண்கள் மட்டும். ஸ்காட்லாந்துக்காரர் யாரும் அவரிடம் பேசக் கூடாது. உத்தரவில் இதெல்லாம் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கிறது. இப்படி நான்கு வருடம். புரூஸின் தங்கை மேரிக்கு ராக்ஸ்பரோவில் இதே மாதிரி ஒரு கூண்டு. புரூஸின் மகள், சிறுமியான மார்ஜரிக்கும் லண்டனில் கூண்டு செய்ய உத்தரவு போட்டுவிட்டு, பிறகு மனம் மாறி கன்னிமடத்துக்கு அனுப்பினார். வெறும் பேரப்பொருள் என்று நினைத்தவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். இசபெல்லா செய்த காரியத்தின் கனம் எட்வர்டுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

புரூஸின் மனைவி, அரசி எலிசபெத்தின் தந்தை அல்ஸ்டர் பிரபு, எட்வர்டின் ஆள். அதனால் அவருக்குக் கூண்டு இல்லை, வீட்டுக்காவல்தான். அதிலும் மாற்று உடை போதவில்லை, தலைக்கு அணிய ஒன்றுமில்லை, படுக்கை விரிப்புகூட இல்லை என்று முறையிட்டு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது.

1314இல் பானக்பர்ன் போரில் புரூஸ் ஆங்கிலேயரை வென்ற பிறகு, பிடிபட்ட ஓர் ஆங்கிலேயப் பிரபுவுக்கு ஈடாக எலிசபெத், மார்ஜரி, புரூஸின் சகோதரி கிறிஸ்டினா எல்லாரும் ஊர் திரும்பினார்கள். இசபெல்லா திரும்பவில்லை. 1313இல் ஒரு பிரபுவின் காவலுக்கு மாற்றப்பட்டார். அப்புறம் அவரைப் பற்றி ஒரு பதிவும் இல்லை. புரூஸை அரசராக்கிய கை அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து கிறிஸ்டினாவைப் படியுங்கள். 1306இல் கில்ட்ரம்மி கோட்டை விழுந்தபோது அவருடைய சகோதரர் ஒருவர் அங்கே பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1335இல் அதே கோட்டையை எதிரிகள் முற்றுகையிட்டார்கள். அப்போது உள்ளே இருந்து அதைக் காத்தவர், முதிய வயதிலிருந்த கிறிஸ்டினா. கணவர் ஆண்ட்ரூ மரே படையோடு வந்து கல்ப்ளீனில் எதிரிகளை முறியடிக்கும்வரை கோட்டை விழவில்லை.