பூநாரையின் முதுகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதிதாக 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கி, தை மாதத்தில் பழவேற்காடு ஏரிக்குப் போனேன். படகில் ஏறும்போதே மணி பத்தரை. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி மேய்ந்துகொண்டிருந்தன. "நேரா விட்டா எழும்பிடும் சார்" என்று படகுக்காரர் எஞ்சினை முடுக்கிக் கூட்டத்தை நோக்கி ஓட்டினார். மொத்தமும் எழும்பியது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்து நிறைய எடுத்தேன், ஒன்றும் கூர்மையாக இல்லை. கோளாறு லென்ஸிலா, செட்டிங்கிலா?

வாசகர், பொன்னேரி

*

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். 1/2000-ம் தாராளம், பூநாரைக்கு 1/1250 போதும். கோளாறு அந்தப் பத்தரை மணியில் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் ஆழமில்லாத நீருக்கும் சேற்றுக்கும் மேலே காற்று நெளியத் தொடங்கிவிடும். தூரத்துப் பறவையை அந்தக் கானலின் வழியாகத்தான் எடுக்கிறீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அங்கே தோற்கும். போதாததற்குப் படகு குதிக்கும்போது ஃபோகஸ் புள்ளி பறவையை விட்டு நழுவிப் பின்னாலிருக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். விடிந்ததும் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் படங்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். கூர்மையை விடுங்கள். எத்தனை பறவையின் கண் தெரிகிறது? துரத்தப்பட்ட பறவை துரத்துகிறவனுக்கு எதிர்த்திசையில்தான் பறக்கும். வால், முதுகு, தொங்கும் கால்கள், அவ்வளவுதான் கிடைக்கும். தன் வேலையாகப் போகிற பறவைதான் முகம் காட்டும்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. நிற்கும்போது வெளிறித் தெரிகிற பறவை, சிறகை விரித்ததும் செஞ்சிவப்பும் கருப்புமாக மாறிவிடுகிறது. அதைப் பார்த்தவர்களுக்கு நின்ற படம் போதாது. அதற்காக மேய்கிற கூட்டத்தை எழுப்பக் கூடாது. சேற்றுநீரை அலகால் வடிகட்டி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயிர்களைத் தின்றுதான் அவ்வளவு பெரிய உடம்பு நிறைய வேண்டும். நாள் முழுக்க நடக்கிற வேலை அது. ஒரு படகு எழுப்பிவிட்டுப் போனதும் அடுத்த படகு வந்தால் அது எப்போது தின்னும்? பழவேற்காடு சரணாலயமும்கூட. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில் விரட்டுவதும் அடங்கும்.

சரி, எப்படித்தான் எடுப்பது? காற்றைப் பாருங்கள். பறவை எதிர்காற்றில் எழும்பும், எதிர்காற்றில் இறங்கும். மார்கழி, தையில் இங்கே பெரும்பாலும் வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். சூரியனோ கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி எழும். ஆகவே ஏரி உங்களுக்கு மேற்கே இருக்கும்படி, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நில்லுங்கள். எழும்புகிற பறவை இடமிருந்து வலமாக, உடம்பில் வெயில் விழ, கொஞ்சம் உங்கள் பக்கமாகவே வரும். வருடத்தில் இந்த மாதங்களுக்கு இப்படி ஒரு பொருத்தம்!

பூநாரை சட்டென்று எழும்பாது. கழுத்துகள் நிமிரும், கூட்டம் ஒரே பக்கமாக நடக்கும், அப்புறம் தண்ணீர்மேல் சில எட்டு ஓடித்தான் காலை எடுக்கும். நகரும் பறவையை விடாமல் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில் கேமராவை வைத்து, அந்த நடையிலிருந்தே பின்தொடருங்கள். வானம் பின்னணியானால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கொஞ்சம் கூட்டுங்கள். இருண்ட நீர் என்றால் குறையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வெந்துவிடும், இறகின் நுணுக்கம் எதுவும் தெரியாது.

கை பழகுவதற்குப் பூநாரை தேவையே இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் செம்பருந்துகள் தலைக்குமேல் வட்டமிடும். நீரிலிருந்து மீனைக் காலால் கவ்வி, பறந்துகொண்டே தின்னும். அங்கே யாரும் எதையும் விரட்ட வேண்டியதில்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. பாய்வதற்கு முன் அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். ஃபோகஸ் பழக அதைப்போல வேறொன்று இல்லை.

படகுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் கேட்பதைத்தான் அவர் செய்கிறார். ஏறும் முன்பே பேசிவிடுங்கள்: கூட்டம் கண்ணில் பட்டதும் எஞ்சினை நிறுத்த வேண்டும், அதற்குமேல் கழியால் தள்ளினால் போதும், பறவைகள் தலைதூக்கிப் பார்த்தால் அங்கேயே நிற்க வேண்டும், வாடகை அதேதான்.

போய்வந்ததும் படங்களை அனுப்புங்கள். ஓரங்களை வெட்டாமல், எடுத்தது எடுத்தபடி வேண்டும். தூரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்